பார்த்தீனியத்தின் உயிரியல் கட்டுப்பாடு

பார்த்தீனியம் வெப்பமண்டல அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட ஒரு களைச்செடி ஆகும். இந்தியாவில் 1950களின் நடுவில் புனேயில் இது கண்டறியப்பட்டது. இறக்குமதி செய்யப்பட்ட கோதுமையுடன் இதன் விதை கலந்து வந்ததாகப் பரவலாகக் கருதப்படுகிறது. இன்று காஞ்சிபுரம் மாவட்டம் உட்படத் தமிழகமெங்கும் காலிமனைகளிலும் சாலையோரங்களிலும் தரிசு நிலங்களிலும் காணப்படுகிறது. ஒரே செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். தோலில் அரிப்பு, மூச்சிரைப்பு ஆகியவற்றை உண்டாக்கும். ஆடுமாடுகள் இதை விரும்பி உண்பதில்லை.

இச்செடியில் உள்ள பார்த்தினின் என்னும் வேதிப்பொருள் மற்றச் செடிகளின் விதை முளைப்பைத் தடுக்கிறது. ஆகவே தும்பை, துத்தி, அருகு முதலியன வளர வேண்டிய இடங்களைப் பார்த்தீனியமே பிடித்துக்கொள்கிறது. மேய்ச்சல் நிலமும் மூலிகைகளும் சேர்ந்தே குறைகின்றன.

மெக்சிகன் வண்டு

பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் கே. பி. ஜெயந்த் இதற்கு இயற்கை எதிரியைக் கொண்டே தீர்வு தேடினார். அயல்நாட்டு நீர்ப்பெரணியான சால்வினியா மூடிக்கிடந்த பெங்களூர் அல்லிக்குளம் ஒன்றில், அதை மட்டும் தின்னும் கூன்வண்டுகளை அவர் முன்னரே விட்டிருந்தார். பதினொரு மாதங்களில் களை அழிந்து, அல்லி மீண்டும் தழைத்தது.

பார்த்தீனியத்திற்காக மெக்சிகோவிலிருந்து சைக்கோகிரம்மா பைகலரேட்டா என்னும் வண்டு வரவழைக்கப்பட்டது. பயிர்களைத் தாக்குமா என்று சோதித்த பின், 1984இல் பெங்களூரில் வெளியில் விடப்பட்டது. வண்டும் அதன் புழுவும் இலைகளைத் தின்கின்றன. இளஞ்செடி மொட்டையாகிப் பூக்காமலே போகிறது. கோடையில் வண்டு மண்ணுக்குள் உறங்கி, மழை பெய்ததும் வெளிவரும். முதல் சில ஆண்டுகள் பெரிய பலன் தெரியவில்லை. 1988இல்தான் வண்டுகள் பெருகிச் செடிகளை மொட்டையடித்தன.

ஜெயந்தும் கங்கா விசாலாட்சியும் அடுத்துக் கவனித்ததே இவ்வாய்வின் முக்கியப் பகுதி. பார்த்தீனியம் குறைந்த இடம் வெறுமையாகக் கிடக்கவில்லை. அதுவரை ஒடுங்கிக்கிடந்த சுமார் 40 வகைச் செடிகள் அங்கே மீண்டும் வளர்ந்ததை 1996இல் அவர்கள் பதிவுசெய்தனர். அவற்றை யாரும் நட்டு வளர்க்கவில்லை.

சூரியகாந்திச் சர்ச்சை

1990களின் தொடக்கத்தில் இவ்வண்டு கர்நாடகத்தில் சூரியகாந்தி இலையைத் தின்பதாகப் புகார் எழுந்தது. விவசாயிகளின் அச்சம் நியாயமானதே. இரண்டும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அருகிலுள்ள பார்த்தீனியத்தின் மகரந்தம் சூரியகாந்தி இலைமீது படியும்போது வண்டு ஏமாந்து அதைக் கடிக்கிறது என்று ஜெயந்த் குழுவினர் கண்டறிந்தனர். அயல்நாட்டுப் பூச்சியை விடுமுன் எவ்வளவு சோதித்தாலும் அதிகமில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

தற்போதைய நிலை

மழைக்காலத்தில் மட்டுமே வண்டு வேலை செய்வதால் பிற முறைகளும் தேவைப்படுகின்றன. பூக்கும் முன் கையுறை அணிந்து வேரோடு பிடுங்குவது எளிய வழி. சாகுபடி இல்லாத இடங்களில் லிட்டர் நீருக்கு 200 கிராம் சமையல் உப்பு கரைத்துத் தெளிக்கவும் பரிந்துரைக்கப்படுகிறது. வயலில் இதைச் செய்தால் மண் கெடும்.

போட்டிச்செடி வளர்ப்பது மற்றொரு முறை. கர்நாடகத்தில் இதற்குப் பயன்பட்ட ஒரு வகைத் தகரை அமெரிக்காவிலிருந்து வந்தது. ஓர் அந்நியச் செடியை விரட்ட இன்னொன்றா என்ற கேள்வி எழாமல் இல்லை. நம் மண்ணுக்கே உரிய ஆவாரை வறட்சியைத் தாங்கும், கால்நடைகள் எளிதில் மேய்வதில்லை. மழைக்கு முன் இதன் விதையைக் காலி நிலங்களில் தூவிவிடலாம்.