நாடி ஏன் முன்போல் ஏறுவதில்லை?

டீ ஆறட்டும் அண்ணாச்சி, நீங்கள் கேட்டதற்கு நிதானமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். மியூசியம் வளாகத்தில் பேரன் ஓடினால் அவன் கைக்கடிகாரத்தில் நாடித்துடிப்பு 180-ஐத் தாண்டுகிறது. எழுபது வயதில் நீங்கள் மூச்சு வாங்க நடந்தாலும் 140-லேயே நிற்கிறது. இதயம் தளர்ந்துவிட்டதோ என்று பயப்படுகிறீர்கள். மயக்கமோ நெஞ்சுவலியோ இல்லாதவரை இது நோயல்ல. வயதோடு எல்லாருக்கும் வருவது.

இதயத்தின் வலது மேலறையில் ஒரு சிறு திசுமுடிச்சு இருக்கிறது. துடிப்பைத் தொடங்கி வைப்பது அதுதான். ஜோஸ் என்ற ஆய்வாளர் 1960-களில், முடுக்கிவிடும் நரம்பு, அடக்கும் நரம்பு இரண்டின் பிடியையும் மருந்தால் தடுத்துவிட்டு, இதயம் தன்போக்கில் எவ்வளவு துடிக்கிறது என்று அளந்தார். அவர் கணக்குப்படி இருபது வயதில் நிமிடத்துக்குச் சுமார் 107, எழுபதில் 78. யார் தலையீடும் இல்லாமலே முடிச்சு மெதுவாகிவிடுகிறது.

மீதிக் காரணம் ஏற்பிகளில் இருக்கிறது. ஓடும்போதும் பதறும்போதும் அட்ரினலினும் நாரட்ரினலினும் இதயச் செல்களின் மேற்பரப்பிலுள்ள பீட்டா ஏற்பிகளில் வந்து ஒட்டுகின்றன. உடனே செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற மூலக்கூறு பெருகும். கால்சியம் கூடுதலாக நுழையும். துடிப்பு வேகமும் வலுவும் பெறும். வயதானால் இந்தச் சுரப்பு வற்றிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் முதியவர்களின் இரத்தத்தில் நாரட்ரினலின் இளைஞர்களைவிட அதிகம்! குறைவது செல்லின் செவிசாய்ப்பு. பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கி வருடக்கணக்கில் ஓயாமல் அலறினால் வீட்டுக்காரர் சன்னலைச் சாத்திக்கொள்வார் இல்லையா, அப்படித்தான். ஓயாமல் தூண்டப்படும் ஏற்பியில் ஒரு நொதி பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அரெஸ்டின் என்ற புரதம் வந்து தொடர்பைத் துண்டிக்கிறது. சில ஏற்பிகள் செல்லுக்குள்ளேயே இழுக்கப்பட்டுவிடும். இதைத் துலக்கியவர்களில் முதன்மையான லெஃப்கோவிட்ஸ், கோபில்காவோடு 2012-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அடுத்த கட்டம். வேகத்தைக் கூட்ட முடியாத முதிய இதயம், ஒவ்வொரு துடிப்புக்கு முன்பும் இன்னும் கொஞ்சம் விரிந்து கூடுதல் இரத்தத்தை நிரப்பிக்கொள்கிறது. நோயற்ற முதியவர்கள் பலர் உடற்பயிற்சியின்போது இப்படியே சமாளிப்பதை பால்டிமோர் ஆய்வாளர்கள் 1984-இலேயே காட்டினார்கள். நிரம்புவதை நம்பியிருப்பதால், உடலில் நீர் வற்றினால் இந்த இதயம் சீக்கிரம் தடுமாறும். நடைக்குப் போகுமுன் தண்ணீர் குடிக்கச் சொல்வது அதனால்தான்.

நம்ம ஊர் ஸ்ரீ சித்ரா திருநாள் நிறுவனத்தில் உருவான செயற்கை இதய வால்வை 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்கள். பழுதான வால்வுக்கு அப்படி மாற்று உண்டு. சோர்ந்த ஏற்பிகளைக் கழற்றி மாற்ற வழியில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம்ம கேரளத்தில் அறுபதைத் தாண்டியவர்கள் 12.6 சதவீதம், நாட்டிலேயே அதிகம். அதனால் வீட்டிலிருப்பவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்: கடும் காய்ச்சலிலும் உள்ளே இரத்தம் கசிந்தாலும் முதியவருக்கு நாடி அவ்வளவாக ஏறாமல் போகலாம். நாடி நிதானமாக இருக்கிறதே என்று வீட்டிலேயே வைத்திருக்கக் கூடாது.

இன்னொன்று, உங்களுக்கென்றே. நீங்கள் சாப்பிடும் பீட்டா பிளாக்கர் மாத்திரையும் அந்த ஏற்பிகளைத்தான் மறைக்கிறது. கடிகாரத்தில் 140 தாண்டாததற்கு அதுவும் ஒரு காரணம். மறைந்தே இருப்பதால் செல் ஏற்பிகளைக் கூட்டிவைத்திருக்கும். திடீரென நிறுத்தினால் இருக்கிற நாரட்ரினலின் எல்லாம் அவற்றின் மேல் பாயும்; நெஞ்சுவலி வரை போகலாம். நிறுத்த வேண்டுமானால் டாக்டர் சொல்கிறபடி, சிறுகச் சிறுகக் குறைத்துத்தான் அண்ணாச்சி.