அலாய் வீலுக்கும் தோல் இருக்கு பாஸ்!

அப்பா வாங்கின செகண்ட் ஹேண்ட் காரா இருக்கட்டும், அண்ணன்கிட்ட இருந்து கைமாறின வண்டியா இருக்கட்டும்... நாலு அலாய் வீலும் பளிச்னு இருந்தாலே வண்டிக்குத் தனி கெத்து வந்துடும். அதுவே வீல்ல பழுப்பேறி, புள்ளி புள்ளியா கறை விழுந்து கிடந்தா? பாடிக்கு எவ்வளவு பாலிஷ் போட்டாலும், சலவை வேட்டி கட்டிக்கிட்டு சேத்துக் காலோட கல்யாண வீட்டுக்குள்ள நுழைஞ்ச கதைதான்!

இந்த இடத்துலதான் நம்ம ஆட்கள் அவசரப்படுவாங்க. ஒரு கையில் பாத்ரூம் ஆசிட், இன்னொரு கையில் கம்பி நார். அங்கேயே நில்லுங்க பாஸ்!

அலாய் வீல் என்பது அலுமினியத்தோட கொஞ்சம் சிலிக்கான், துளி மெக்னீசியம் சேர்த்து வார்க்கிற உலோகம். பெரும்பாலான வீல்களில் அதுக்கு மேல பெயின்ட், அதுக்கும் மேல கண்ணாடி மாதிரி 'கிளியர் கோட்' இருக்கும். நாம ரசிக்கிற பளபளப்பு முக்கால்வாசி அந்த மேல்தோல்தான். அழுக்கை எடுக்கிறேன்னு தோலை உரிச்சுட்டா, அப்புறம் எந்த ஷாம்புவும் காப்பாத்தாது.

கறை எங்கிருந்து வருது?

மண்ணும் சேறும் சாதா அழுக்கு. அசல் வில்லன் பிரேக் தூசி. பிரேக் பிடிக்கும்போது பேடும் இரும்பு டிஸ்க்கும் உரசித் துகள்கள் உதிரும். சூடான இரும்புத் துகள் கிளியர் கோட்ல போய் ஒட்டிக்கும். ஈரம் பட்டதும் துருப்பிடிச்சு பழுப்புப் புள்ளியா மாறும். முன் பிரேக்குக்குத்தான் வேலை அதிகம். பின் வீலைவிட முன் வீல் சீக்கிரம் கறுக்கிற ரகசியம் இதுதான்.

வெள்ளைத் திட்டு தெரிஞ்சா, அது போர் தண்ணி காய்ஞ்சு விட்டுப்போன உப்பு. கறுப்புப் பொட்டு, ரோட்டுத் தார். ஆக, ஒவ்வொரு கறைக்கும் வைத்தியம் வேற வேற.

முதல்ல ஒரு துணி டெஸ்ட்

வெள்ளைத் துணியில் துளி மெட்டல் பாலிஷ் எடுத்து, வீலோட ஓரத்துல சின்ன இடத்துல தேய்ச்சுப் பாருங்க. துணி கறுத்தா, அது கோட்டிங் இல்லாத வெறும் அலுமினியம். கறுக்கலைன்னா மேலே கோட்டிங் இருக்கு. கோட்டிங் உள்ள வீலுக்கு மெட்டல் பாலிஷ் வேண்டாம்; கார் ஷாம்பு போதும்.

குளியல் இப்படித்தான்!

* வண்டி ஓட்டி வந்த சூட்டோட தண்ணி ஊத்தாதீங்க. வீல் ஆறட்டும். நிழல்ல நிறுத்துங்க.
* தண்ணி அடிச்சு மண்ணை இறக்குங்க. காய்ஞ்ச பிரேக் தூசியைக் காத்தடிச்சு ஊதக் கூடாது. அது நேரா நுரையீரலுக்குப் போகும்.
* வீலுக்குன்னு தனி வாளி, தனி ஸ்பாஞ்ச். அதே ஸ்பாஞ்சை பாடியில் வெச்சா, ஒட்டியிருக்கிற துகள் கோடு கோடா கீறிடும்.
* ஷாம்புக்கு மசியாத பழுப்புப் புள்ளிக்கு 'அயர்ன் ரிமூவர்' கிடைக்கும். அடிச்சதும் இரும்போட வினை புரிஞ்சு ஊதா நிறத்துல வழியும். பார்க்க செம ஜாலியா இருக்கும். நாத்தம்தான் அழுகின முட்டை ரேஞ்ச்! கையுறை கட்டாயம். வேற எந்தக் கெமிக்கலோடும் கலக்காதீங்க. காயறதுக்குள்ள கழுவிடுங்க.
* உப்புத் திட்டுக்கு வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து துடைச்சு, உடனே நல்ல தண்ணியில் அலசுங்க.
* ஒரு வீலை முடிச்சுத் துடைச்ச பிறகே அடுத்த வீல். கடைசியா மெதுவா ஓட்டி, ரெண்டு மூணு தடவை பிரேக் பிடிச்சு டிஸ்க்கைக் காய வைங்க. வேக்ஸ், பாலிஷ், எண்ணெய் எதுவும் டிஸ்க்ல படவே கூடாது. பட்டா பிரேக் வழுக்கும்!

ஆசிட்... ஐயோ வேண்டாம்!

அலுமினியம் மேல இயற்கையா ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கும். துருப்பிடிக்காம காக்கிற கவசமே அதுதான். கடுமையான ஆசிட் அதைக் கரைச்சுடும். காஸ்டிக் சோடாவும் அப்படியே. பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிற ஃபார்முலா இங்கே செல்லாது.

சில வீல் கிளீனர்களில் ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட் அல்லது அமோனியம் பைஃப்ளூரைடு இருக்கும். லேபிளைப் படிங்க. இந்தப் பேர்களைப் பார்த்தா டப்பாவைக் கீழே வெச்சுடுங்க. மத்த ஆசிட் பட்டா உடனே எரியும். இது நீர்த்த நிலையில் பட்டா உடனே வலிக்காமலேயே தோலுக்குள்ள இறங்கி, உடம்புல இருக்கிற கால்சியத்தையே பதம் பார்க்கும். பட்டுடுச்சுன்னா நிறைய தண்ணியில் கழுவிட்டு, டப்பாவோட நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

வெள்ளைப் புழு, கீறல், விரிசல்

கல்லடி பட்ட இடம் வழியா உப்பு ஈரம் உள்ளே போனா, கிளியர் கோட்டுக்கு அடியில் வெள்ளைப் புழு ஊர்ற மாதிரி கோடு கோடா அரிப்பு தெரியும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் இதுக்கு வாய்ப்பு அதிகம். இது கழுவிப் போகிற கறை இல்லை. பழைய கோட்டிங்கை உரிச்சுட்டுப் புதுசா பெயின்ட் பண்றதுதான் வழி.

பிளாட்பாரத்துல உரசின சின்னக் கீறலை நாமே சரி பண்ணலாம். வாட்டர் பேப்பரில் 400, 800, 1000 நம்பர்னு வரிசையா ஈரத்தோட தேய்ச்சு, பிரைமர், பெயின்ட், கிளியர் கோட் அடிக்கணும். டயர்ல பெயின்ட் படாம இருக்க ஒரு ஐடியா: டயருக்கும் ரிம்முக்கும் நடுவுல பழைய சீட்டுக்கட்டைச் சுத்திச் சொருகி வைங்க! ஆனா, 'டைமண்ட் கட்' வீலில் கை வைக்காதீங்க. அதுக்கு லேத் வேணும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உலோகமே சீவப்படுறதால, அதையும் அடிக்கடி பண்ண முடியாது.

பஞ்சரே இல்லாம காத்து இறங்குதா? வேகத்துல ஸ்டீயரிங் உதறுதா? அழுக்கு நீங்கின கையோட ரிம்மின் உள்பக்கத்தையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. மயிரிழை விரிசல் இருந்தா வெல்டிங், சுத்தியல் சமாச்சாரமே வேண்டாம். இந்த உலோகத்துக்குப் பலம் சேர்க்கிறதே தொழிற்சாலையில் பக்குவமா கொடுக்கிற சூடு. வெல்டிங் சூடு அந்தப் பலத்தையே குலைச்சுடும். பார்க்க ஒட்டின மாதிரி இருக்கும். பள்ளத்துல இறங்கும்போது கைவிடும். வீலை மாத்துறது மட்டும்தான் தீர்வு.

பைக் பார்ட்டிகளுக்கும் இதே சட்டம்தான். கூடுதலா, பின் ரிம்ல தெறிச்ச செயின் கிரீஸை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைங்க. டிஸ்க் பக்கம் மட்டும் போகவே கூடாது. இன்ஜினை ஓடவிட்டு, சுத்துற வீல்ல துணி பிடிக்கிற வித்தையெல்லாம் வேண்டாம் மக்கா... வீல் மாத்தினா கிடைக்கும், விரல் கிடைக்காது!