உருகி காப்பது கம்பியை. உயிரைக் காப்பது எது?

திருவள்ளூரை அடுத்த காக்களூர் ஒரு காலத்தில் ஏரியாலும் வயலாலும் அறியப்பட்ட ஊர். சிட்கோ தொழிற்பேட்டை அமைந்த பின்னர் எந்திரங்களின் ஒலியாலும் அது அறியப்படலாயிற்று. தொழிற்கூடங்களின் மதிலோரம் 'எர்த் குழி' அமைத்து, அதன் எண்ணையும் அளந்த நாளையும் ஓம் அளவையும் எழுதி வைப்பது வழக்கம். ஆனால், அங்குப் பணிபுரிவோர் மாலையில் திரும்பும் வீட்டில் அக்குழி எங்குள்ளது? அதனை இறுதியாகச் சோதித்தது எப்போது? விடை கூறுவோர் சிலரே. ஆலையில் எந்திரத்திற்குக் கிட்டும் காவல் வீட்டில் மக்களுக்கும் கிட்ட வேண்டாமா என்பதே இக்கட்டுரையின் வினா.

எர்த் என மக்கள் வழங்கும் புவித்தொடுப்பு நெடிய வரலாறு உடையது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் பெஞ்சமின் பிராங்கிளின் இடிதாங்கியின் வழியே மின்னலை மண்ணுக்குள் இறக்கும் வழியைக் காட்டினார். 1838இல் ஜெர்மானிய அறிஞர் ஸ்டைன்ஹைல், தந்திக்குத் திரும்பு கம்பியாக நிலத்தையே பயன்படுத்தலாம் என மெய்ப்பித்தார். மண்ணும் மின்னோட்டத்திற்கு வழிவிடும் என்னும் இவ்வறிவே பின்னர் உயிர்காக்கும் கருவியாயிற்று.

தமிழகத்தில் பைக்காரா, மேட்டூர் மின்நிலையங்கள் 1930களில் எழுந்தன. 1957இல் மின்வாரியம் தோன்றிய பின் சிற்றூர்கள்தோறும் மின்சாரம் பரவிற்று. தொடக்கத்தில் இல்லங்களில் இருந்தவை பெரும்பாலும் விளக்கும் விசிறியுமே. கைக்கெட்டும் உலோகப் பரப்பு குறைவு. இஸ்திரிப் பெட்டி, கிரைண்டர், நீர் மோட்டார் ஆகியன வந்தபின் நிலைமை மாறிற்று. உட்கம்பியின் உறை பழுதுற்றால் அவற்றின் உலோக உடலே மின்கம்பியாகிவிடும். அதனால்தான் மூன்று முனைச் செருகியில் புவித்தொடுப்பு முனை ஏனைய இரண்டினும் நீண்டும் பருத்தும் இருக்கிறது. அதுவே முதலில் இணைந்து இறுதியில் விலகும். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் உலோக உறைகளுக்குப் புவித்தொடுப்பைக் கட்டாயமாக்கின. 1966இல் வெளிவந்து பின்னர் 1987இலும் 2018இலும் திருத்தப்பெற்ற ஐ.எஸ். 3043 என்னும் இந்தியத் தரம் அதனை அமைக்கும் முறையை வகுத்தது. துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் குறைந்தது இரண்டரை மீட்டர் நீளம் இருத்தல் வேண்டும் என்பது அதன் நெறிகளுள் ஒன்று.

எனினும் குழி வெட்டியவுடன் கடமை முடிந்ததா? ஒரு கணக்கை நோக்குவோம். கோடையில் மண் உலர்ந்து, குழியின் மின்தடை 40 ஓம் ஆகிவிட்டது என்க. 230 வோல்ட் மின்னழுத்தத்தில் கிரைண்டரின் உடலில் மின்சாரம் கசிந்தால், நிலத்தில் இறங்கும் மின்னோட்டம் ஆறு ஆம்பியரையும் எட்டாது. 15 ஆம்பியர் பியூஸ் உருகுமா? உருகாது. கிரைண்டரின் உடல் ஏறத்தாழ முழு மின்னழுத்தத்துடன் நிற்கும். ஈரக்காலுடன் அதனைத் தொடுபவரின் உடல்தடை ஆயிரம் ஓம் எனக் கொண்டால், அவருள் பாய்வது ஏறக்குறைய 230 மில்லி ஆம்பியர். நொடிப்பொழுதில் இதயத்துடிப்பைக் குலைக்க இது போதும். பியூஸ் எனும் உருகி கம்பி சூடேறித் தீப்பற்றாமல் காப்பதற்கே பிறந்தது. மனிதனைக் காப்பது அதன் தனிப்பணி அன்று.

இக்குறையை உணர்ந்தோர் பலர். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல், பிடித்த கம்பியை விடமுடியாமல் தசை இறுகும் அளவு ஆடவர்க்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர் எனக் கண்டறிந்தார். 1961இல் கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியையும் உருவாக்கினார். ஆஸ்திரியாவில் பீகல்மையரும் இத்துறையில் உழைத்தார். இக்கருவியின் தத்துவம் எளியது. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருத்தல் வேண்டும். இடையில் 30 மில்லி ஆம்பியர் வழிதவறினால், ஒரு நொடியின் மூன்றிலொரு பங்கிற்குள் இணைப்பு அறுபடும். ஆர்.சி.டி. எனப்படும் இக்கருவியைப் பற்றி மைய மின்சார ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும் பேசுகின்றன; வீட்டு இணைப்புகளில் கசிவின் எல்லை 30 மில்லி ஆம்பியரைத் தாண்டலாகாது என அவை வரையறுத்துள்ளன.

ஆயினும் இக்கருவி புவித்தொடுப்பிற்கு மாற்று அன்று, துணை. இரு கம்பிகளையும் ஒருசேரத் தொட்டு, தரையுடன் தொடர்பின்றி நிற்பவரை அதனால் காக்க இயலாது. உருகிய பியூசுக்குத் தடித்த கம்பியைக் கட்டுவதும், எர்த் முனையை நியூட்ரலுடன் பிணைத்து ஒப்பேற்றுவதும் பெருந்தீங்கு. நியூட்ரல் அறுந்தால் அப்பிணைப்பே உலோக உடலுக்கு மின்சாரத்தைக் கொண்டு சேர்க்கும்.

இல்லத்தார் செய்யத்தக்கவை மிகுதியில்லை. உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு எர்த் குழியை ஆண்டுதோறும் அளந்து, உலர்ந்திருப்பின் நீர் ஊற்றிச் செப்பனிடுக. ஆர்.சி.டி.யின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துக. அழுத்தியும் மின்சாரம் அறுபடாவிடின் உடனே மாற்றுக. வாடகை வீட்டிற்குக் குடிபுகுவோர் குடிநீர் உண்டா என்று கேட்பதுபோல், எர்த் உண்டா என்றும் கேட்டல் வேண்டும். ஆலையின் குழிக்கு அருகே ஓம் அளவை எழுதும் கை, தன் வீட்டுச் சுவரிலும் அதனை எழுதும் நாளே இவ்வறிவு நமக்கு முழுமையாகப் பயன்பட்ட நாளாகும்.