ஃபேட் பர்னர் டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

ஊறுகாய் ஜாடியும் பீங்கான் பொம்மையும் பளபளப்பது மேலே பூசும் கிளேஸால். குறைந்த சூட்டிலேயே அது உருகி மண்ணோடு ஒட்டிக்கொள்வதற்காகப் பீங்கான் தொழிலில் சேர்க்கப்படும் பொருள்களில் ஒன்று போராக்ஸ். விருத்தாசலம் அரசு பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர்களுக்கு இது பாடம். மற்றவர்களுக்கு இது நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வெங்காரம். 2026 ஜனவரியில் மதுரையில் ஒரு கல்லூரி மாணவி, உடம்பு இளைக்கும் என்று யூடியூப் காணொலி ஒன்று சொன்னதை நம்பி இதை வாங்கிச் சாப்பிட்டார். வாந்தியும் வயிற்றுப்போக்கும் நிற்கவில்லை. இறந்துபோனார்.

சித்த மருத்துவத்தில் வெங்காரத்துக்கு இடம் உண்டு. சுத்தி செய்து, அளவு வைத்து, மருத்துவர் கொடுப்பது அது. காகிதப் பொட்டலத்தில் வாங்கி நாமாக விழுங்குவது வேறு. குடலையும் சிறுநீரகத்தையும் தாக்கும் இந்த உப்புக்கு உடலின் கொழுப்போடு எந்தச் சம்பந்தமும் இல்லை. சலவைத்தூளில் சேர்க்கிறார்கள், எண்ணெய்ப் பிசுக்கு போகிறது, ஆகவே தொப்பையும் போகும் என்று யாரோ கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

இந்தச் சாவுச் செய்தியைப் படித்தவர்களில் பலர், “தானாக வைத்தியம் பார்த்தால் இப்படித்தான், ஜிம்மில் விற்கும் ஃபேட் பர்னர் டப்பாவை வாங்கியிருக்கலாம்” என்று நினைத்திருப்பார்கள். லேபிள் இருக்கிறது, உரிம எண் இருக்கிறது, விலையும் ஆயிரம், இரண்டாயிரம் என்று இருக்கிறது. அந்த டப்பாக்கள் என்ன செய்கின்றன என்று பார்ப்போம்.

முதலில், உடலில் இருக்கும் கொழுப்பு எங்கே போகிறது? வியர்வையாகவோ மலமாகவோ வழிந்து போவதில்லை. 2014-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் கணக்கிட்டுச் சொன்னார்கள்: 10 கிலோ கொழுப்பு முழுதாக எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாகி மூச்சில் வெளியேறும், மிச்சம் 1.6 கிலோ தண்ணீர். சூளையில் போட்ட விறகு புகைபோக்கி வழியே போவதைப் போலத்தான். தேவை இல்லாமல் சூளை எரியாது, உடலும் அப்படியே. வரும் உணவைவிடச் செலவு கூடினால்தான் சேமிப்பில் கை வைக்கும். ஆகவே எந்த மாத்திரையும் இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும்: உள்ளே வருவதைக் குறைக்க வேண்டும், அல்லது செலவைக் கூட்ட வேண்டும்.

செலவைக் கூட்டுவதாகச் சொல்லும் டப்பாக்களில் பெரும்பாலும் இருப்பது காஃபின். அது உண்மையாகவே கொஞ்சம் கூட்டும். 100 மில்லிகிராம் காஃபின், சும்மா உட்கார்ந்திருக்கும் உடலின் எரிசக்திச் செலவை 3 முதல் 4 சதவீதம் வரை சில மணி நேரம் உயர்த்துவதாக 1980-களிலேயே அளந்திருக்கிறார்கள். சும்மா இருக்கும் உடல் மணிக்குச் சுமார் 60 கலோரி செலவழிக்கிறது. அதில் 4 சதவீதம் என்றால் இரண்டரைக் கலோரி. விருத்தாசலம் சந்தையில் விற்கும் வேர்க்கடலையில் ஒரே ஒரு பருப்பை வாயில் போட்டால் கணக்கு நேராகிவிடும்.

அடுத்தது கொடம்புளி. கேரளத்து மீன் குழம்பில் போடும் அதே புளிதான். ‘கார்சீனியா’ என்ற பெயரில் அதன் சாற்றை மாத்திரையாக்கி உலகெங்கும் விற்கிறார்கள். 1998-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் இதைப் பற்றிய சோதனை வெளியானது. பருமனான 135 பேர். எல்லோருக்கும் நார்ச்சத்து மிகுந்த, கலோரி குறைந்த சாப்பாடு. பாதிப் பேருக்குக் கார்சீனியா, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. 12 வாரம் கழித்து எடை பார்த்தார்கள். கார்சீனியா சாப்பிட்டவர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்திருந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்கள் 4.1 கிலோ.

இந்தத் தொழிலின் சூட்சுமம் முழுவதும் இந்தச் சோதனையில் இருக்கிறது. கார்சீனியா குழுவை மட்டும் படம் பிடித்து, முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம் என்று போட்டால் விளம்பரம் தயார். 3.2 கிலோ குறைந்தது பொய் இல்லை. குறைத்தது மாத்திரை என்பதுதான் பொய். டப்பாவின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ‘சரியான உணவு, உடற்பயிற்சியுடன் எடுத்துக்கொள்ளவும்’ என்று இருக்கும். வேலையை அந்த ஓரத்து வரி செய்கிறது. பணம் டப்பாவுக்குப் போகிறது.

கிரீன் டீயின் கதையும் இதேதான். ஜப்பானுக்கு வெளியே நடந்த 6 சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்த 2012-ஆம் ஆண்டு காக்ரேன் ஆய்வில், வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டால் கிடைத்த வித்தியாசம் 40 கிராம். டீயாகக் குடித்தால் கெடுதல் இல்லை. செறிவூட்டிய சாறாக மாத்திரையில் வரும்போதுதான் சிக்கல்: அதிலுள்ள ஈஜிசிஜி என்ற கேட்டகின் நாளொன்றுக்கு 800 மில்லிகிராமைத் தொட்டால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தெரிவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது. கார்சீனியா சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றியும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. ‘இயற்கை மூலிகை, பக்கவிளைவே கிடையாது’ என்று யாராவது சொன்னால், எருக்கம்பாலும் இயற்கைதான் என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு நேரம் பார்த்தவை பலிக்காத மாத்திரைகள். பர்ஸுக்குத்தான் நட்டம் அதிகம். பலிக்கும் மாத்திரைகள்தான் எனக்குப் பயம் தருகின்றன.

முதல் உலகப் போரின்போது பிரான்சில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் டைநைட்ரோஃபீனால் என்ற மஞ்சள் நிற வேதித்தூளைக் கையாண்ட தொழிலாளர்கள் ஆறாக வியர்த்து இளைத்தார்கள். சிலர் காய்ச்சலில் இறந்தார்கள். 1933-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இதையே எடை குறைக்கும் மருந்தாகச் சோதித்தார்கள். கேட்டதைச் செய்தது. உயிரணுக்கள் உணவிலிருந்து எடுக்கும் ஆற்றலை வேலைக்குப் பயன்பட விடாமல் வெறும் சூடாக மாற்றிவிடும் பொருள் இது. அதாவது கொழுப்பை ‘எரிப்பது’ என்பதைச் சொல்லுக்குச் சொல் செய்து காட்டியது. அளவு கொஞ்சம் மிஞ்சினால் உடல் வெப்பம் ஏறிக்கொண்டே போகும்; இறக்க மாற்று மருந்து இல்லை. பலருக்குக் கண்புரை வந்தது. 1938-இல் அமெரிக்கா நிறுத்தியது. ஆனாலும் இணையத்தில் இன்றும் விற்பதால்தான் 2023-இல் பிரிட்டன் இதை நச்சுப் பொருள் பட்டியலில் சேர்க்க வேண்டிவந்தது.

இன்னொன்று சிபுட்ரமின். பசியை அடக்கும் மருந்து. டாக்டர் சீட்டில் இந்தியாவிலும் கிடைத்தது. சுமார் 10,000 பேரை வைத்து நடந்த ஆய்வில், ஏற்கெனவே இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடியது தெரிந்ததும் 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனை நின்றது. இந்தியா 2011 பிப்ரவரியில் தடை செய்தது. தடை செய்த மருந்து மறைந்துவிடவில்லை. 2007 முதல் 2016 வரை அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் கலப்படம் என்று கண்டுபிடித்த துணை உணவுகளில் 317 எடை குறைப்புக்கானவை. அவற்றில் 269-இல் இருந்தது சிபுட்ரமின். லேபிளில் அந்தப் பெயர் இருக்காது. மூலிகைப் பெயர்கள்தான் இருக்கும். ஆகவே பத்து நாளில் பசி சுத்தமாக அடங்கி, நெஞ்சு படபடத்து, எடை சரசரவென்று இறங்கினால், நல்ல மாத்திரை கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம்.

உரிம எண் இருக்கிறதே என்றால், இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் தயாரிப்பவருக்கும் விற்பவருக்கும் கொடுக்கப்படும் உரிமம். எடை குறையும் என்று அரசு சோதித்துப் பார்த்ததற்கான சான்று அல்ல. துணை உணவின் லேபிளிலேயே அது மருந்து அல்ல என்று அச்சிட வேண்டும் என்பது விதி. 1954-ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யவே கூடாத நோய்களின் பட்டியல் அதில் உண்டு. உடல் பருமனும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. எழுபது வருடச் சட்டம், கையில் இருக்கும் போனைத் திறந்தால் நிமிடத்துக்கு ஒரு தடவை மீறப்படுகிறது.

சரி, சாப்பாடும் உடற்பயிற்சியும் மட்டும் என்ன கிழித்துவிடும்? இதற்குப் பதில் சென்னையிலேயே இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டு கவனித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கம்போல் இருந்தவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்தது. சாப்பாட்டைத் திருத்தி, தினமும் அரை மணி நேரம் நடந்தவர்களில் 39.3 சதவீதம். சர்க்கரை நோய் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 40.5 சதவீதம். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கூடுதல் பலன் இல்லை. இதில் கவனிக்க வேண்டியது, நடந்தவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை என்பது. தராசு முள் அசையாமலேயே உள்ளே நோய் பின்வாங்கியது. எடையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் மூன்றாம் மாதம் “ஒன்றும் ஆகவில்லை” என்று நடையை விட்டுவிட்டு டப்பாவைத் தேடுகிறார்கள்.

அந்த ஆய்வில் ஏற்கெனவே உடலுழைப்பு உள்ளவர்களுக்குப் புதிதாக நடைப்பயிற்சி சொல்லவில்லை. செய்வதையே தொடரச் சொன்னார்கள். மண் மிதித்து, அச்சு தூக்கி, சூளையில் அடுக்குபவருக்கு டிரெட்மில் தேவையில்லை. நாள் முழுக்க உட்கார்ந்தபடி பொம்மைக்கு வண்ணம் தீட்டுபவருக்குத் தேவை.

உடற்பயிற்சியையும் பெரிதாகப் பேசிவிடக் கூடாது. ஒரு மணி நேர நடையில் செலவாவது 200, 250 கலோரி. இரண்டு பஜ்ஜியும் ஒரு டீயும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். எடையைக் குறைப்பது பெரும்பாலும் தட்டுதான். குறைந்ததைத் தக்கவைப்பதும், தசையையும் இதயத்தையும் காப்பதும் நடை. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு. மூன்று வேளைச் சோறு, இட்லியில் கொஞ்சத்தைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, சுண்டல், முட்டை, மீன், கீரை என்று நிரப்புவது இதற்கு நேரான வழி. பட்டினி வழி அல்ல. 2025-இல் குளச்சல் பக்கம் பழச்சாற்றை மட்டுமே மாதக்கணக்கில் குடித்துவந்த ஓர் இளைஞர் இறந்ததும் இணையத்தில் பார்த்த யோசனையால்தான்.

எடை குறைக்க மருந்தே கிடையாது என்றும் சொல்லவில்லை. 2025-இல் இந்தியாவுக்கு வந்த செமாக்ளுடைட் ஊசி, 68 வாரச் சோதனையில் உடல் எடையில் 15 சதவீதம் அளவுக்குக் குறைத்தது. நிறுத்திய ஒரு வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. அது டாக்டர் சீட்டில், இரத்தப் பரிசோதனையோடு போக வேண்டிய மருந்து. ஜிம் நண்பர் வாங்கித் தரும் பொருள் அல்ல.

தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் எடை மிகுந்தவர்கள் என்றது ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வு. ஆகவே யாராவது ஒருவர் இப்போதே ஏதோ ஒரு டப்பாவில் பாதியைக் காலி செய்திருப்பார். அவருக்கு: கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனாலோ, விடாத படபடப்போ மயக்கமோ வந்தாலோ மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். போகும்போது டப்பாவை ஒளித்து வைக்காமல் கையோடு கொண்டு போங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று தெரியாவிட்டால் டாக்டர் காமாலைக்குக் காரணம் தேடியே நாலு நாளைக் கழித்துவிடுவார்.