வாயை மூடக் கற்றுக்கொண்டேன்

மொட்டைமாடித் தொட்டியில் நிற்கும் கறிவேப்பிலைச் செடியில் ஒரு காக்கா எச்சம் நகர்ந்தது. முதலில் பார்த்தவள் என் மகள். அப்போது அவளுக்கு ஐந்தரை வயது. “அப்பா, கக்கா நடக்குதுப்பா!” என்று படியிறங்கி ஓடிவந்து என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. “அது கக்கா இல்ல பாப்பா, புழு. பட்டாம்பூச்சி முட்டை போடும், முட்டையிலேர்ந்து புழு வரும், புழு கூடு கட்டும்…” என்று ஒரே மூச்சில் முழுக் கதையையும் கொட்டினேன். அத்தோடு விட்டேனா? சார்ட் அட்டை வாங்கி, நான்கு படம் வரைந்து, அம்புக்குறி போட்டுக் கூடத்துச் சுவரில் ஒட்டினேன். மறுநாள் காலையில் மாடிக்கு அழைத்துப்போய், “இப்ப இது எத்தனாவது படத்துல இருக்கு, சொல்லு பார்ப்போம்?” என்றேன்.

அவள் செடியைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். “மூணா?” என்றாள். என் புருவம் லேசாக நெளிந்திருக்க வேண்டும். “இல்ல இல்ல, ரெண்டு” என்று மாற்றினாள். “வெரிகுட்” என்றேன். மூன்றாம் நாள் அவள் மாடிக்கே வரவில்லை. எச்சம் நடக்கும் அதிசயத்தை இரண்டே நாளில் நான் வீட்டுப்பாடமாக மாற்றிவிட்டிருந்தேன்.

முகத்தைப் படிக்கும் பிள்ளைகள்

அந்தப் பார்வையைப் பற்றி ஒருவர் எப்போதோ எழுதி வைத்திருக்கிறார். ஜான் ஹோல்ட் என்ற அமெரிக்க ஆசிரியர். வகுப்பறையில் ஆசிரியரைக் கவனிக்காமல் பிள்ளைகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர். அப்படிப் பார்த்து எழுதிய குறிப்புகள்தான் 1964-ல் ‘ஹவ் சில்ட்ரன் ஃபெயில்’ என்ற புத்தகமாக வந்தன. பிள்ளைகள் கணக்கைப் பற்றி யோசிப்பதைவிட, டீச்சருக்கு எந்த விடை வேண்டும் என்பதைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கிறார்கள். தப்பாகிவிடுமோ என்ற பயத்தில் ஆசிரியரின் முகத்திலிருந்தே விடையைக் கறந்துவிடப் பழகிக்கொள்கிறார்கள் என்பது அவர் கண்டது. பள்ளிக்கூடத்தில் நடப்பதாக அவர் சொன்னது என் வீட்டு மாடியில், ஒரு தொட்டிச் செடியின் முன்னால் நடந்துவிட்டது.

ஹோல்ட் பிற்பாடு பள்ளிக்கூடமே வேண்டாம், பிள்ளைகள் வீட்டிலேயே வாழ்ந்து கற்கட்டும் என்ற இடத்துக்குப் போய்ச்சேர்ந்தார். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. என் மகள் பள்ளிக்குப் போகிறாள், பரீட்சை எழுதுகிறாள். பள்ளி விட்ட பிறகான நேரத்தையாவது அவள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் நான் எனக்குப் போட்டுக்கொண்ட விதி.

அடுத்த மழைக்குப் பின் செடியில் மறுபடி புழுக்கள் வந்தன. இந்தத் தடவை நாக்கைக் கடித்துக்கொண்டேன். சார்ட்டையும் கழற்றிவிட்டேன். நாலைந்து நாள் நான் கண்டுகொள்ளாத மாதிரி செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு மாலை அவளாகவே வந்து குந்தினாள்.

ஒரு குச்சியால் புழுவை லேசாகத் தொட்டாள். தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு கவைக்கொம்பு வெளியே வந்தது. கூடவே ஒரு நாற்றம். அலறிக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்து மறுபடி தொட்டாள். ‘கொம்பன்’ என்று பெயர் வைத்தாள். முருங்கை இலையைக் கொண்டுவந்து வைத்தாள், கொம்பன் தொடவில்லை. பக்கத்து வீட்டு எலுமிச்சை மரத்திலிருந்து ஓர் இலை பறித்து வந்தாள், கொறித்தது. கறிவேப்பிலையையும் எலுமிச்சை இலையையும் கசக்கி மோந்து பார்த்துவிட்டு, “கறிவேப்பிலைக்கும் எலுமிச்சைக்கும் ஏதோ சொந்தம் இருக்குப்பா” என்றாள். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம்தான். அதைச் சொல்லிவிடாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். “அப்படியா?” என்று மட்டும் கேட்டேன்.

எச்சம் போலிருந்த புழு ஒருநாள் தோலுரித்துப் பச்சையானபோது, யாரோ கொம்பனைத் திருடிவிட்டு வேறு புழுவை வைத்துவிட்டார்கள் என்று அழுதாள். அவளே தொட்டுப் பார்த்து, அதே கொம்பு வந்ததும்தான் சமாதானமானாள். கூட்டிலிருந்து பட்டாம்பூச்சி வெளியேறிய நேரத்தில் அவள் பள்ளியில் இருந்தாள். திரும்பி வந்தபோது வெறும் கூடுதான் தொங்கியது. ஏமாந்து அழுவாள் என்று நினைத்தேன். கூட்டுக்குள் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, “கொம்பை எங்க வச்சிட்டுப் போச்சு?” என்று கேட்டாள். என் சார்ட்டில் இந்தக் கேள்விக்கு இடமே இருந்திருக்காது. அந்த இனத்துக்கு ‘எலுமிச்சை அழகி’ என்று பெயர் என்பதைப் பிறகு இருவரும் சேர்ந்துதான் தேடித் தெரிந்துகொண்டோம்.

ஒன்றாம் நம்பர் பஸ்

திருச்சியில் ஒன்றாம் நம்பர் பஸ் தெரியாத பிள்ளை இருக்க முடியாது. சத்திரம், திருவானைக்காவல் வழியாக ஸ்ரீரங்கம் போகும் பஸ். என் அம்மாவின் வீடு, மகளுக்கு அப்பாயி வீடு, அங்கேதான் என்பதால் அவளுக்கு அது சொந்த பஸ். அவள் முதன்முதலில் அடையாளம் கண்ட எழுத்து ‘அ’ இல்லை, ‘ஸ்ரீ’. நம் 247 எழுத்துக் கணக்கிலேயே வராத எழுத்து! “இந்தச் சுழிச்ச எழுத்து இருந்தா அப்பாயி வீடு” என்பது அவளுடைய கண்டுபிடிப்பு. பிறகு, ஸ்ரீரங்கமும் சத்திரமும் ஒரே மாதிரி முடிவதைக் கண்டாள். திருவானைக்காவலும் திருவெறும்பூரும் ஒரே மாதிரி தொடங்குவதைக் கண்டாள். அந்த வருடம் முழுவதும் பஸ் நிறுத்தத்தில் எங்களுக்கு வேறு பொழுதுபோக்கே இல்லை.

பள்ளியில் இதற்கு நல்ல பெயர் கிடைக்கவில்லை. எழுத்துகளை வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை என்று கூப்பிட்டுச் சொன்னார்கள். அன்றிரவு எனக்கும் தூக்கம் வரவில்லை. “கண்டிச்சு வளர்க்காம இப்படியே விட்டா தறுதலையாப் போயிடும்” என்று சித்தப்பா ஒருவர் போனில் சாபம் மாதிரி சொன்னார். பயத்தில் நானும் ஒரு வாரம் இரட்டைக்கோடு நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். அவள் மீண்டும் என் முகத்தைப் பார்க்கத் தொடங்கினாள். நோட்டை மூடினேன். அடுத்த பொங்கலுக்குள் அவள் கடைப் பலகை, சினிமா போஸ்டர், மாவு பாக்கெட் எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டிப் படித்தாள். வரிசை அதன் பிறகு தானாக வந்தது.

ஆழாக்கும் உழக்கும்

அப்பாயியின் சமையலறையில் ஒரு ஆழாக்கு, உழக்கு, படி மூன்றும் இன்னும் புழக்கத்தில் உண்டு. இட்லிக்கு ஊறப்போடும்போது பேத்தி பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. அப்பாயி எதையும் விளக்கமாட்டார். அளப்பதை அவள் கையில் கொடுத்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விடுவார். மகள் தண்ணீரை ஊற்றி ஊற்றி விளையாடினாள். 2 ஆழாக்கு ஒரு உழக்கு. 4 உழக்கு ஒரு படி. அப்படியென்றால் ஒரு படிக்கு 8 ஆழாக்கு. ஈரமான தரையில் உட்கார்ந்து இதைக் கண்டுபிடித்தவளுக்கு, அரை, கால், அரைக்கால் என்பது பின்னால் பள்ளியில் வந்தபோது புதிதாகத் தெரியவில்லை.

காந்தி மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனால் ஐம்பது ரூபாயைக் கையில் கொடுத்துவிடுவேன். 35 ரூபாய்க்குக் காய் வாங்கினால் மீதி எவ்வளவு? கடைக்காரம்மா எண்ணித் தருவதைப் பார்த்து அவளும் “நாப்பது… அம்பது” என்று ஏறுமுகமாக எண்ணிப் பதினைந்து என்பாள். அதே 50-லிருந்து 35-ஐக் கழி என்று நோட்டில் எழுதினால் கடன் வாங்கும் இடத்தில் தடுமாறி 25 என்று எழுதுவாள்.

இவள் மட்டும் இல்லை. பிரேசிலின் ரெசிஃபே நகரத்துச் சந்தைகளில் வியாபாரம் பார்த்த ஐந்து பிள்ளைகளை ஆய்வாளர்கள் சோதித்து 1985-ல் எழுதியிருக்கிறார்கள். கடையில் வாடிக்கையாளர் போலப் போய்க் கேட்டபோது அந்தப் பிள்ளைகள் 98 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். அதே மாதிரிக் கணக்குகளை வெறும் எண்களாகக் காகிதத்தில் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரி. கணக்கு அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்த கணக்குக்கும் தாளில் கேட்கும் கணக்குக்கும் நடுவில் பாலம் இல்லை. நோட்டிலும் ஏறுமுகமாக எண்ணிப் பார்க்கலாம் என்று மகளுக்கு நான் சொன்ன ஒற்றை வரிதான் அந்தப் பாலம். வாயைத் திறக்க வேண்டிய நேரமும் உண்டு. அது அவள் முட்டி நின்று, திரும்பி என்னிடம் கேட்கும் நேரம்.

புதிதல்ல, தூரமும் அல்ல

பிள்ளையை அதன் வழியில் கற்கவிடுவதெல்லாம் வசதியுள்ளவர்களின் வெளிநாட்டு மோஸ்தர் என்பவர்கள் உண்டு. ஆனால், மருத்துவம் படித்த மரியா மாண்டிசோரி 1907-ல் தன் முதல் ‘குழந்தைகள் இல்ல’த்தைத் தொடங்கியது ரோமில் உழைப்பாளிகள் வாழ்ந்த ஏழைப் பகுதியில். அவரே 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க்காலத்தில் இத்தாலி நாட்டவர் என்பதால் திரும்ப முடியாமல், கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் இருந்தார். ஆசிரியரின் முதல் வேலை கவனிப்பது என்பது அவர் பாடம். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவிய செயல்வழிக் கற்றலில், ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் இறங்கி உட்கார்ந்தார். கரும்பலகை குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கியது. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 29-ம் பிரிவில், செய்தும் தேடியும் கண்டறிந்தும் பிள்ளைகள் கற்க வேண்டும், பயமில்லாமல் கற்க வேண்டும் என்றே சொல்கிறது. சட்டத்தில் இருப்பது வீட்டுக்குள் வருவதற்குத்தான் நாளாகிறது.

பிள்ளை வழியில் விடுவது என்றால் கண்டபடி விடுவதில்லை. ஒன்பது மணிக்குத் தூக்கம் என்பதில் எங்கள் வீட்டில் பேச்சே இல்லை. மொபைலும் அப்படித்தான். “அவளுக்குப் பிடிச்சதைத்தானே பார்க்கிறா, அதுவும் கத்துக்கிறதுதானே?” என்று மனைவி ஒருமுறை கேட்டார். அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். ஒரு வீடியோ முடியும் முன்பே அடுத்தது தயாராக வந்து நிற்கிறது. கொம்பன் அவள் தொடும்வரை காத்திருந்தான், மொபைல் காத்திருப்பதில்லை. அங்கே வழிநடத்துவது குழந்தை இல்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும் பெற்றோரிடம் மாடியில் போய்ப் புழு பாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால், இதற்குத் தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை என்பதை என் அம்மாவிடம்தான் பார்த்தேன். எப்படியும் அரிசி அளக்கத்தான் போகிறோம், பஸ் ஏறத்தான் போகிறோம். அந்த வேலையில் ஒரு பங்கைப் பிள்ளை கையில் கொடுத்தால் போதும். கொஞ்சம் சிந்தும், கொஞ்சம் தாமதமாகும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உங்கள் பிள்ளை எதையாவது நோண்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். பெயர் சொல்லித் தராதீர்கள், கேள்வி கேட்காதீர்கள், “வெரிகுட்” சொல்லாதீர்கள். அது உங்கள் முகத்தைப் பார்க்கிறதா, கையில் இருப்பதைப் பார்க்கிறதா என்று மட்டும் கவனியுங்கள்.