டிசம்பரில் வான்கூவர்: டிக்கெட்டுக்கு முன் விசா, பனிக்கு முன் மழை

பள்ளி ஆண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்குவதால், ஆண்டிறுதியின் நீண்ட விடுமுறை டிசம்பருக்கே திரும்பிவிட்டது. பிள்ளைகள் கனடாவின் மேற்குக் கரையில் படிக்கும் அல்லது வேலை செய்யும் குடும்பங்களில் "கிறிஸ்துமஸுக்கு வான்கூவர் போகலாமா?" என்ற பேச்சு எழுவது இயல்பு. பால்மரம் சீவிப் பிள்ளையைப் படிக்க வைத்து, ஓய்வுபெற்ற பிறகு முதன்முறையாக இவ்வளவு தூரம் போகத் துணியும் பெற்றோரும் இவர்களில் உண்டு. அந்தச் சேமிப்புதான் இங்கே பணயம்.

முதல் தவறு, சலுகை விலையில் கிடைத்ததே என்று பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட்டை முதலில் வாங்கிவிடுவது. சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருக்கும் உறவினர் 7 கனடிய டாலர் கட்டி, இணையத்திலேயே மின்பயண அனுமதி பெற்றுக் கிளம்பிவிடுவார். மலேசியக் கடப்பிதழுக்கு அந்த வசதி கிடையாது. வருகையாளர் விசா கட்டாயம். ஒருவருக்குக் கட்டணம் 100 கனடிய டாலர், கைரேகைப் பதிவுக்கு மேலும் 85. கைரேகைப் பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும். 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அது தேவையில்லை. விசா மறுக்கப்பட்டால் விண்ணப்பக் கட்டணம் திரும்பி வராது.

ஓய்வுபெற்றவர்களுக்குச் சிக்கல் எங்கே வருகிறது? விடுமுறை முடிந்ததும் இவர்கள் நாடு திரும்புவார்கள் என்று அதிகாரி நம்ப வேண்டும். சம்பளச் சீட்டு இல்லாதவர்கள் அதை வேறு வழியில் காட்ட வேண்டியிருக்கிறது. வீட்டு கிராண்ட், சேமநிதிக் கணக்கு அறிக்கை, சில மாத வங்கிக் கணக்கு, இங்கேயே இருக்கும் மற்றப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பற்றிய விவரம் ஆகியவை உதவும். கனடாவில் இருக்கும் பிள்ளை அழைப்புக் கடிதத்துடன் தன் படிப்பு அல்லது வேலை அனுமதியின் நகலையும் அனுப்ப வேண்டும். விண்ணப்பிக்கும் வாரத்தில் கணக்கில் திடீரென்று விழும் பெரிய தொகை கேள்வியைத்தான் எழுப்பும். விசா எத்தனை வாரத்தில் வரும் என்பது மாறிக்கொண்டே இருப்பதால், டிசம்பர் பயணத்துக்கு ஆகஸ்டிலேயே விண்ணப்பிப்பது நல்லது.

கோலாலம்பூரிலிருந்து நேரடி விமானம் இல்லை. தோக்கியோ, தைப்பே, சியோல், ஹாங்காங் வழியாக மாறிப் போகலாம். சிங்கப்பூரிலிருந்து 2024 ஏப்ரல் முதல் ஏர் கனடா நேரடிச் சேவை நடத்துகிறது. விலை குறைவென்று அமெரிக்க நகர் வழியாக மாறும் டிக்கெட்டை எடுத்தால், விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் அமெரிக்க விசா வேண்டும். பயண மருத்துவக் காப்புறுதியை இங்கேயே வாங்கிவிட வேண்டும். வருகையாளரின் மருத்துவச் செலவை அங்குள்ள அரசாங்கம் ஏற்காது. இனிப்புநீர், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதை மறைக்காமல் சொல்லித்தான் வாங்க வேண்டும். மறைத்து வாங்கிய காப்புறுதி வெறும் தாள்.

அடுத்தது பனி. கனடா என்றதும் வாசலில் பனி கொட்டும் படம்தான் கண்ணில் தோன்றும். ஆனால் பசிபிக் கடல் காற்று வான்கூவரை உறையவிடாது. டிசம்பரில் பகலில் 6 பாகை, இரவில் 1 அல்லது 2. நகருக்குள் பனி சில நாட்கள் மட்டுமே. மற்ற நாட்களில் மழை. மாதத்தில் இருபது நாள்வரை தூறும். நம் ஊர் மழைபோல் ஒரு மணி நேரம் கொட்டி ஓய்வதில்லை, நாள் முழுக்க நசநசக்கும். கேமரன் மலைக் குளிருக்கு வாங்கிய சுவெட்டர் அங்கே தாங்காது. தண்ணீர் புகாத மேலங்கியும் காலணியும்தான் முக்கியம். கனமான குளிர்கோட்டைப் பண்டல் கடையில் மலிவாக வாங்கிக்கொள்ளலாம். காலணியில் மட்டும் மிச்சம் பிடிக்கக் கூடாது.

பகல் வெளிச்சம் எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக மட்டுமே இருக்கும். நேர வித்தியாசத்தில் தூக்கம் கெட்ட பெரியவர்களுக்கு ஒரு நாளுக்கு ஓர் இடம் போதும். விமான நிலையத்திலிருந்து நகர மையத்துக்கு ரயிலில் ஏறக்குறைய 25 நிமிடம். ஸ்டான்லி பூங்காவின் கடலோரப் பாதையில் நடக்கக் காசு வேண்டாம். தொங்குபாலம் பார்க்க கபிலானோவுக்குக் கட்டணம் உண்டு. லின் கேன்யன் பாலம் இலவசம். பனியைத் தொட்டே ஆக வேண்டும் என்றால் சீபஸ் படகில் 12 நிமிடத்தில் வட வான்கூவர் போய், பேருந்து பிடித்து, குரௌஸ் மலைக்குக் கேபிள் காரில் ஏறலாம். மலையின் இணையத்தளக் கேமராவில் மேலே பனி தெரிகிறதா என்று பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

டிசம்பர் 25 அன்று பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும்; பேருந்துகளும் குறைவு. முதல் நாளே சமையலுக்கு வாங்கி வைக்க வேண்டும். மார்கழியில் கோயிலுக்குப் போக விரும்புவோருக்கு ரிச்மண்டில் ஐந்தாம் எண் சாலை இருக்கிறது. பள்ளிவாசல், புத்த விகாரம், தேவாலயம், குருத்வாரா வரிசையாக நிற்கும் அச்சாலையில் சுப்பிரமணிய சுவாமி கோயிலும் உண்டு.

பெட்டியில் ஏற்றும் உணவுப் பொருள் எதுவானாலும் சுங்கத்தில் சொல்லிவிட வேண்டும். இறைச்சி, பச்சைக் காய்கனி, செடி வகைகளை மறைத்தால் அபராதம். பிள்ளைக்கென்று இங்கிருந்து ரைஸ் குக்கர் தூக்கிப்போகும் அம்மாக்களுக்கு ஒரு செய்தி: அங்கே மின்சாரம் 120 வோல்ட், நம்முடையது 240. செருகியை மாற்றினாலும் சோறு வேகாது. அந்த இடத்தில் இன்னொரு சோடி கம்பளிக் காலுறை வைக்கலாம்.