ரத்தத்தைச் சுழற்றினால் எலும்பு வளருமா?

கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி ஓராண்டு ஆகிறது. இம்பிளான்ட் வைக்க எலும்பு போதவில்லை. “உங்கள் கையிலிருந்தே ரத்தம் எடுத்துச் சுழற்றி வைத்தால் எலும்பு வளர்ந்துவிடும்” என்கிறார்களாம். நம்பலாமா என்று கேட்கிறார் ஒரு வாசகி.

பாதி நம்பலாம். பல் போன ஓராண்டில் அந்த இடத்து எலும்பு அகலத்தில் ஏறத்தாழ பாதியை இழக்கிறது, பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே. அதை மீட்க 1998-இல் அமெரிக்காவின் ராபர்ட் மார்க்ஸ் குழு தட்டணு செறிந்த பிளாஸ்மாவை (பி.ஆர்.பி.) எலும்பு ஒட்டில் கலந்தது. 2001-இல் பிரான்சின் ஷுக்ரூன், அதில் ரத்தம் உறைவதைத் தடுக்கச் சேர்க்கும் மருந்தே வேண்டாம் என்றார். வரலாறு இவ்வளவு போதும்.

மருந்தை விட்டதில்தான் அழகெல்லாம். வெறும் ரத்தம் கண்ணாடிக் குழாயைத் தொட்டதுமே உறையத் தொடங்குகிறது. அதற்குள் சென்ட்ரிஃபியூஜ் சுழன்றாக வேண்டும். தாமதித்தால் மொத்தமும் ஒரே கட்டியாகிவிடும். சிவப்பணுக்கள் அடியில் இறங்க, மேலே ஃபைப்ரின் இழைகள் நிதானமாகப் பின்னித் தட்டணுக்களைச் சிறைபிடிக்கின்றன. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் மஞ்சளாக, வழுவழுவென்று ஒரு கட்டி: தட்டணு செறிந்த ஃபைப்ரின் (பி.ஆர்.எஃப்.). தட்டணுவுக்குள் இருக்கும் சின்னஞ்சிறு பைகளில் வளர்ச்சிக் காரணிகள் உள்ளன. த்ராம்பின் சேர்த்துச் சட்டென்று உறையவைத்த பி.ஆர்.பி. அவற்றில் பெரும்பகுதியை முதல் ஒரு மணி நேரத்திலேயே கொட்டிவிடுகிறது. பி.ஆர்.எஃப். ஒரு வாரத்துக்கும் மேலாகக் கசியவிடுகிறது.

பி.ஆர்.பி. கல்யாணப் பத்திரிகை மொத்தத்தையும் தெருமுனையில் நின்று விநியோகிக்கிறது, பி.ஆர்.எஃப். தாம்பூலத் தட்டோடு வீடு வீடாகப் போய் அழைக்கிறது. எலும்பாகக்கூடிய செல்களும் புது ரத்தக்குழாய்களும் வந்து சேரும். ஆனால் அழைத்தவரே சமைப்பதில்லை. வந்த செல்லை எலும்புச் செல்லாக மாற்றும் தலைமைச் சமையல்காரர் பி.எம்.பி. என்ற புரதம், அதன் முக்கிய இருப்பு எலும்பில்தான். பந்தலும் வேண்டும், அது எலும்புத்தூள். வாசலில் ஆள் நிறுத்தாவிட்டால், அழையாமலே வந்து பந்தியை நிரப்பிவிடும் ஈறுத் திசு. எலும்பைவிட வேகமாக வளர்வது அது. தடுத்து நிற்பது மேலே போர்த்தும் சவ்வு. ஃபைப்ரினையும் சவ்வாகத் தட்டி வைப்பார்கள். ஆனால் அது ஓரிரு வாரங்களில் கரையும், எலும்புக்கோ மாதங்கள் வேண்டும்.

ஆய்வுகளும் இப்படித்தான் நிற்கின்றன. ஈறு சீக்கிரம் ஆறுகிறது. பல் பிடுங்கிய குழி காய்ந்து வலிப்பது குறைகிறது. சைனஸ் தளத்தை உயர்த்தும் சிகிச்சையில் எலும்புத்தூளோடு இதைச் சேர்ப்பதால் கூடுதல் எலும்பு கிடைக்கிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை. இதையே ‘ஸ்டெம் செல் சிகிச்சை’ என்று விளம்பரம் செய்வதை ஏற்கவே முடியாது. குழாயில் இருப்பது நோயாளியின் சாதாரண ரத்தம்.

வாசகி கேட்க வேண்டிய கேள்வி, எலும்புத்தூளும் சவ்வும் கூடவே வைப்பார்களா என்பது. ஓராண்டாகக் குறுகிப்போன எலும்பை ரத்தக்கட்டி மட்டும் அகலமாக்காது. சர்க்கரை இருந்தால் அதை முதலில் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.